மதுரையில் வீட்டு மாமரம்: குழி வெட்டுவதிலிருந்து பழம் பறிப்பது வரை

எங்கள் வீட்டு மாமரம் ஏழு வருஷம் காய்க்கவில்லை. நோஞ்சான் மரமும் இல்லை. மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொடும் அளவுக்கு வளர்ந்து, வருஷத்துக்கு நாலைந்து தடவை செம்புக் கலரில் துளிர் விட்டு, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. பூ மட்டும் கிடையாது. உரம் போட்டேன், பஞ்சகவ்யா தெளித்தேன், யாரோ சொன்னார்கள் என்று தூரில் ஆணிகூட அடித்தேன். (அடிக்காதீர்கள். பட்டையில் காயம் உண்டாவதைத் தவிர ஒன்றும் நடக்காது.)

காரணம் துவைக்கிற கல். கல்லுக்கும் மரத்துக்கும் நாலடிதான் தூரம். துணி அலசிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், சாயங்காலம் வாசல் தெளித்து மீந்த தண்ணீர் எல்லாம் தூரில்தான் போய்ச் சேரும். அது போதாதென்று அம்மா தனியாக ஒரு குடம் ஊற்றுவார். "வெயில்ல நிக்குதுப்பா, ஒரு வாய் குடிக்கட்டும்." குடித்துக் குடித்து மரம் இலையாகவே விட்டுக்கொண்டிருந்தது. கல்லை இடம் மாற்றி, புரட்டாசி கடைசியில் தண்ணீரை நிறுத்திய வருஷம், தை பிறந்து பத்து நாளில் மரம் முழுக்கப் பூ.

மதுரையில் வீட்டு மா காய்க்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் கவனிப்பு மிகுதிதான் காரணம் என்று அதற்கப்புறம் பார்த்த வீடுகள் எல்லாம் எனக்குச் சொல்லின. கீழே இருப்பது, அந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஒரு மரம் வைப்பதற்கான வழி.

இடமும் மண்ணும்

நாள் முழுக்க வெயில் விழ வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் மரம் இருக்கும், காய் இருக்காது. சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள், பதினைந்து என்றால் இன்னும் நல்லது. செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி மூன்றுக்கும் பக்கத்தில் வேண்டாம். தோப்பில் மரத்துக்கு மரம் பத்து மீட்டர் விடுவது பழைய வழக்கம். அடர் நடவில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். வீட்டில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டி, சின்னதாகவே வைத்துக்கொள்ளப் போகிறோம் என்றால் ஒரு மரத்துக்குப் பதினைந்தடிச் சதுரம் தாராளம்.

மதுரையில் மண் தெருவுக்குத் தெரு மாறும். அழகர்கோவில், நத்தம் பக்கம் சரளை கலந்த செம்மண். மா அங்கே தானாக வரும், அதனால்தான் அங்கே அத்தனை தோப்பு. திருமங்கலம் தாண்டினால் கரிசல். வைகைக் கரையோரம் வண்டல். புது நகர்ப் பகுதிகளில் பாதி, ஒரு காலத்தில் கண்மாய்ப் பாசன வயலாகவோ கண்மாயாகவோ இருந்த இடங்கள். அங்கே மேலே இரண்டடி கிராவலும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்கியிருப்பார்கள், கீழே களி. மாவுக்கு இந்தக் கடைசி வகைதான் ஆபத்து. சிமெண்டும் சுண்ணாம்புக் காரையும் கலந்த மண்ணில் இலை வெளுக்கும். களியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும்.

சோதிப்பது சுலபம். இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி ஊற்றிவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் குழியில் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் குழியில் நடக்கூடாது. ஒன்றரை, இரண்டடி உயரத்துக்கு ஆறடி அகலத்தில் மண்மேடு போட்டு அதன் மேல் நடவேண்டும். ஐப்பசி மழையில் மேடு கரையாமல் இருக்கச் சுற்றிலும் கல் அடுக்கிக்கொள்ளலாம்.

எந்த ரகம்

கொட்டை போட்டு முளைக்க வைத்த மரம் காய்க்க ஆறு, ஏழு வருஷம் ஆகும். அதற்கப்புறமும் தாய் மரத்தின் பழம் அப்படியே வராது. நம் ஊர் ரகங்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே ஒட்டுக் கன்றுதான், அதாவது நாட்டு மாக் கன்றின் மேல் நல்ல ரகத்தின் குச்சியை ஒட்டி வளர்த்தது. நாலாவது வருஷத்திலிருந்து நம்பிக்கையாகக் காய் விடலாம்.

எல்லோரும் கேட்பது இமாம் பசந்த். ருசியில் அதற்கு மேல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காய்ப்பு குறைவு, ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஓய்வெடுக்கும். மல்கோவாவும் அதே ஜாதி. வீட்டில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் இந்த இரண்டையும் நான் வைக்கமாட்டேன். பங்கனபள்ளி நடுத்தரம், சித்திரை, வைகாசியில் வரும், யாருக்கும் பிடிக்கும். செந்தூரா முந்திக்கொண்டு வரும். கிளிமூக்கு வருஷா வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பழமாகச் சாப்பிடச் சுமார், காயாக உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட, ஊறுகாய் போட, சாம்பாரில் போட அதுதான் ராஜா. நீலம் தவறாமல் காய்க்கும், ஆனி, ஆடி வரை நீளும், கொட்டையில் வண்டு வைப்பதும் அதில்தான் அதிகம். நத்தம் பக்கத்துக் கல்லாமை, காசா ரகங்களும் நம் மண்ணுக்குப் பழகியவை.

இடம் மிகக் குறைவு, அல்லது மாடியில் டிரம்மில்தான் வைக்க வேண்டும் என்றால் அம்ரபாலி. தசேரியையும் நீலத்தையும் கலந்து டெல்லியில் உருவாக்கிய குட்டை ரகம் அது. பழம் சின்னது, சதை நல்ல ஆரஞ்சு நிறம், தவறாமல் காய்க்கும். அதே இரண்டு ரகங்களைத் தாய் தகப்பன் மாற்றிக் கலந்தது மல்லிகா. பழம் பெரிதாக இருக்கும். மாடிக்கு 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்து, அடியில் ஏழெட்டுத் துளை போட்டால் போதும். சித்திரை வெயிலில் டிரம்மின் பக்கமே கொதிக்கும், சாக்குச் சுற்றி வையுங்கள். டிரம் மரம் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை; தரை இருக்கிறவர்கள் தரையில் வைப்பதே நல்லது.

கன்று வாங்கும்போது

ஒரு முறை நான் ஒரு கன்றைச் சாலையோர நர்சரி ஒன்றில் இமாம் பசந்த் என்று வாங்கினேன். நாலு வருஷம் கழித்து ஒரே ஒரு காய் தொங்கியது. நாளுக்கு நாள் அதன் அடியில் அலகு ஒன்று வளைந்துகொண்டே வந்தது. கிளிமூக்கு! விற்றவரிடம் போய்ச் சொன்னேன். "மண்ணுக்குத் தக்கன மாறும்ங்கய்யா" என்றார். மாறாது. ரகம் முக்கியம் என்றால் அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளிலோ பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ விசாரியுங்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மண் பரிசோதனை, பூச்சி, நோய் எதற்கும் அங்கே கேட்கலாம்.

கன்றைக் கையில் எடுத்ததும் முதலில் ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள். மேல் தண்டும் கீழ்த் தண்டும் ஒரே பருமனில் வழவழவென்று சேர்ந்திருக்க வேண்டும். வெடிப்போ, ஒரு பக்கம் மட்டும் வீக்கமோ இருந்தால் வேண்டாம். லேசாக ஆட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் அசைவே இருக்கக்கூடாது. ஒட்டுக்குக் கீழே கிளைத்திருக்கும் துளிர் எதுவும் உங்கள் ரகம் அல்ல, அது நாட்டு மா. சிவப்புத் துளிர் தொங்கும் கன்று பார்க்க அழகு. வண்டியில் வைத்து வீடு வருவதற்குள் அது துவண்டுவிடும். இலை முற்றிக் கரும்பச்சையாக இருப்பதை எடுங்கள். இரண்டடிக் கன்று போதும். ஆளுயரத்தில் காயோடு நிற்கும் கன்றுக்கு ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள், பையில் அதன் வேர் சுருண்டு சுருண்டு கயிறாகியிருக்கும்.

நடவு

ஆடிப் பட்டம் என்று சொல்வார்கள். விதைக்குச் சரி. ஒட்டு மாவுக்கு மதுரையில் எனக்கு ஆடி பிடிக்காது: மழை வருமென்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மேல்காற்று அடிக்கிற அடியில் இலை எல்லாம் காய்ந்து போகும். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். புரட்டாசி நடுவில் நட்டால், வேர் பிடிக்கும் நேரத்தில் ஐப்பசி மழை வந்து சேரும். குழியை மட்டும் ஆவணியிலேயே வெட்டிப் போட்டுவிடுங்கள்.

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். மேலே ஓரடி மண்ணைத் தனியாகவும், கீழ் மண்ணைத் தனியாகவும் ஒதுக்குங்கள். இடிபாடு வந்தால் பொறுக்கி வெளியே கொட்டுங்கள், திரும்ப உள்ளே போடக்கூடாது. பதினைந்து நாள் குழி வெயில் காயட்டும். பிறகு மேல் மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் பத்து கிலோ, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ கலந்து நிரப்புங்கள். களியாக இருந்தால் ஆற்று மணலைக் கொஞ்சம் சேர்க்கலாம். செம்மண் சரளை என்றால் கண்மாய்க் கரம்பை (கண்மாயில் படியும் வண்டல்) கிடைத்தால் இரண்டு சட்டி. பச்சைச் சாணியைப் போட்டுவிடாதீர்கள், கரையான் வந்து கன்றை வேரோடு தின்றுவிட்டுப் போகும்.

நடுகிற அன்று சாயங்காலமாகப் பாருங்கள். பையைப் பிளேடால் கீறி எடுங்கள், பிடித்து இழுக்க வேண்டாம், மண் உருண்டை உடையும். அடியில் வேர் சுற்றியிருந்தால் அந்தச் சுற்றை மட்டும் வெட்டிவிடலாம். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். ஒட்டுப் பகுதி தரையிலிருந்து அரையடி மேலே நிற்கவேண்டும். புதைந்தால் ஒட்டு அழுகும், இல்லாவிட்டால் மேல்தண்டு தனியாக வேர் விட்டு ஒட்டின் பலனே போகும்.

அப்புறம், எல்லோரும் மறக்கிற ஒரு வேலை. ஒட்டு கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் சுற்றியிருக்கிறதா என்று பார்த்து அவிழ்த்துவிடுங்கள். தண்டு பருக்கப் பருக்க அது கழுத்தை இறுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கன்று மூன்று வருஷம் நன்றாக வளர்ந்து, ஒரு காற்று நாளில் ஒட்டு இடத்தில் டக்கென்று ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் பச்சை நாடா பட்டைக்குள் புதைந்து கிடந்தது.

மேற்குப் பக்கம் ஒரு கம்பு நட்டு, சணல் கயிற்றால் எட்டுப் போலத் தளர்வாகக் கட்டுங்கள். நட்டதும் ஒரு குடம் தண்ணீர்.

முதல் மூன்று வருஷம்

இந்த மூன்று வருஷத்துக்கு மட்டும் தண்ணீர் விஷயத்தில் அம்மா கட்சிதான் சரி. நட்ட முதல் மாதம் மழை இல்லாவிட்டால் இரண்டு நாளுக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வாரம் இரண்டு முறை, அதற்கப்புறம் வாரம் ஒரு முறை. கோடையில் இடைவெளியைப் பாதியாக்குங்கள். தூரிலிருந்து ஓரடி தள்ளி வட்டப் பாத்தி கட்டி அதில் விடுங்கள், தண்டில் தண்ணீர் படவே வேண்டாம். பாத்தியில் காய்ந்த இலை, தென்னை மட்டைத் தூள், கரும்புச் சக்கை என்று எது கிடைத்தாலும் மூடாக்குப் போடுங்கள், ஆனால் தண்டை ஒட்டி அரையடி வெற்றிடம் விடவேண்டும்.

முதல் வருஷம் முடிந்து கன்று மூன்றடி தாண்டியதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளின இடத்துக்குக் கீழே ஐந்தாறு துளிர் வரும். நாலு திசைக்கு ஒன்றாக மூன்று அல்லது நான்கை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அந்தக் கிளைகள் ஒன்றரை, இரண்டடி நீண்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். இந்த இரண்டு கிள்ளலில்தான் மரம் குடையாக விரியப் போகிறதா, கொடிக்கம்பமாக நெட்டுக்குத்தலாகப் போகிறதா என்பது முடிவாகிறது. என் முதல் மரத்தில் நான் கை வைக்க மனசு வராமல் விட்டேன். இன்றைக்குக் காய் இருக்கும் இடத்துக்கு என் தொரட்டி எட்டுவதில்லை, அணிலுக்கு எட்டுகிறது.

ஒட்டுக் கன்று முதல் வருஷமே பூக்கும். கிள்ளிப் போடுங்கள். மூன்று வருஷம் வரை வருகிற பூங்கொத்தை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் தோட்டக்கலைக்காரர்கள் சொல்வது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் மூன்றாவது வருஷம் இரண்டு காயை விட்டுவைத்தால் மரம் செத்துப்போகாது.

தண்ணீரை நிறுத்துவது

நாலாவது வருஷத்திலிருந்து கட்சி மாறுகிறது.

மா, முற்றிய கிளை நுனியில்தான் பூக்கும். ஆனி, ஆடியில் அறுவடை முடிந்து வருகிற துளிர், மார்கழிக்குள் நாலைந்து மாதம் முற்றி, இலை கரும்பச்சையாகி மொறமொறவென்று ஆகியிருக்கும். அந்த நேரத்தில் மண் காய்ந்து, இரவுக் குளிரும் சேர்ந்தால் நுனி மொட்டு பூவாகத் திரும்பும். மண்ணில் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருந்தால் அதே மொட்டு இலையாகத் திரும்பும். நம் ஊரில் மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்குகிறது, வடக்கே இருக்கிற குளிர் நமக்கு இல்லை. குளிர் குறைவான ஊரில் மண் காய்வதுதான் மரத்துக்குப் பெரிய சமிக்ஞை. அதையும் நாம் குடத்தால் கெடுத்துவிட்டால் மரம் என்ன செய்யும்?

ஆகவே, புரட்டாசி கடைசியோடு கையால் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்வது பெய்யட்டும். பாத்தியின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு வடிய வழி செய்தால் போதும். மழை ஓய்ந்த பிறகு மார்கழி முழுக்க ஒரு சொட்டும் கிடையாது. மத்தியானம் இலை லேசாகத் தொங்கினால் பயப்பட வேண்டாம். காலை ஆறு மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு தடவை விடுங்கள்.

பூ வந்ததும் சந்தோஷத்தில் குழாயைத் திறந்துவிடுவதும் தவறு. பூ விரிந்து, பிஞ்சு பட்டாணி அளவு வரும் வரை பொறுங்கள். அதன் பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை நிறைய விடலாம். ஐந்தாறு வயது மரத்துக்கு நான் எட்டு, பத்துக் குடம் விடுகிறேன், பங்குனி பிறந்தால் வாரம் ஒரு முறை. பாத்தி தூரை ஒட்டி இருக்கக்கூடாது, கிளை நுனி விழுத்தும் நிழலின் ஓரத்தில் இருக்கவேண்டும், உறிஞ்சும் வேர் அங்கேதான். பறிப்பதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் மறுபடி நிறுத்தினால் பழம் இனிக்கும்.

எந்தத் தண்ணீர் என்பது இன்னொரு சங்கதி. மதுரையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. மாவுக்கு உப்பு ஆகாது. இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்த மாதிரி பழுப்பாகும். இதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் அதே உப்புத் தண்ணீரை ஊற்றுவார்கள். இப்போது வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின் வந்துவிட்டது, அதன் கழிவுத் தண்ணீரை வீணாக்கக்கூடாதென்று குழாய் போட்டு நேராக மாமரத்துக்கு விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் உப்பு போர் தண்ணீரைவிட அதிகம். வீடு கழுவ வைத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரும் வேண்டாம். மழைக் காலத்தில் மாடித் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் வருஷம் முழுக்கச் சேர்ந்த உப்பை அது கழுவிக் கீழே இறக்கும். அரிசி களைந்த தண்ணீருக்கு எங்கள் வீட்டில் இரண்டு வாழை வைத்திருக்கிறோம். அம்மாவுக்கும் ஊற்ற ஓர் இடம் வேண்டும் அல்லவா.

உரம்

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை முதல் வருஷம் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 200 கிராம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) 300 கிராம். கடைக் கணக்கில் இது யூரியா 435 கிராம், சூப்பர் பாஸ்பேட் ஒன்றேகால் கிலோ, பொட்டாஷ் அரை கிலோ. வருஷா வருஷம் இதே அளவைக் கூட்டிக்கொண்டே போய், ஆறாவது வருஷத்திலிருந்து தொழு உரம் 50 கிலோவும் சத்துகள் முறையே 1, 1, 1.5 கிலோவும். செப்டம்பர், அக்டோபரில், மண்ணில் ஈரம் இருக்கும்போது, தூரிலிருந்து ஒன்றரையடி தள்ளி நிழல் ஓரம் வரை போட்டுக் கிளறி மூடவேண்டும்.

இது தோப்புக் கணக்கு. வீட்டில் தழைச்சத்தை நான் பாதியாகக் குறைத்து, அறுவடை முடிந்த உடனே போட்டுவிடுகிறேன். எருவும் பொட்டாஷும் புரட்டாசியில். ரசாயனமே வேண்டாம் என்பவர்கள் எரு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, விறகுச் சாம்பல் என்று போகலாம், காய் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிப்பதில் தப்பில்லை, ஆனால் எருவுக்குப் பதில் அது ஆகாது. ஐப்பசிக்கு மேல் மார்கழி வரை யூரியா பக்கமே போகாதீர்கள்.

தை முடிந்தும் பூ வரவில்லை, இலை முற்றித்தான் இருக்கிறது என்றால், மாசியில் பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம் கரைத்து இலை நனையத் தெளித்துப் பாருங்கள். தோப்புக்காரர்கள் பூக்க வைக்க மண்ணில் ஊற்றும் பாக்லோபியூட்ரசால் மருந்து வீட்டு மரத்துக்குத் தேவையில்லை. அது மண்ணில் நெடுநாள் தங்கும், பக்கத்தில் இருக்கும் கறிவேப்பிலையும் முருங்கையும் குறுகிப்போகும்.

பூவும் பிஞ்சும்

ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலதில் ஆயிரத்துக்கு மேல் பூ இருக்கும். முக்கால்வாசி ஆண் பூ. கடைசியில் கொத்துக்கு ஒன்றோ இரண்டோ காய் நின்றால் அது நல்ல மகசூல். கடுகு, மிளகு அளவில் பிஞ்சு கொட்டுவதைப் பார்த்துப் பதறி மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள், மரம் தாங்குகிற அளவுக்குக் கழித்துக்கொள்கிறது. வடு அளவில் விழுவதைப் பொறுக்கி உப்பில் போடுங்கள்.

மகரந்தத்தைச் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள். பூ விரிந்திருக்கும்போது எந்த மருந்தும் தெளிக்கக்கூடாது, வேப்பெண்ணெய்கூட.

தெளிக்க வேண்டிய நேரம் அதற்கு முன்னால். பூங்கொத்து நாலு விரல் நீளம் வந்ததும் ஒரு கொத்தைப் பிடித்து மெதுவாக உலுக்குங்கள். முகத்தில் பொடிப் பொடியாக ஏதாவது தெறித்து, இலையில் தூறல் விழுகிற மாதிரி சடசடவென்று சத்தம் கேட்டால் அது தத்துப்பூச்சி. கோதுமை மணியில் பாதி இருக்கும், ஆப்பு வடிவம், சாறு உறிஞ்சிப் பூவைக் கருக்கிவிடும். அது கழிக்கும் இனிப்புத் திரவம் இலையில் பிசுபிசுவென்று படிந்து, அதன் மேல் கரி பூசினாற்போல் பூஞ்சணம் படரும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம், இலை அடியிலும் தண்டிலும் படும்படி. கரி படிந்த இலைக்கு மைதாக் கஞ்சி: லிட்டருக்கு 50 கிராம் மைதாவைக் காய்ச்சி, ஆறவைத்து, நல்ல வெயில் நாளில் தெளித்தால் காய்ந்து ஏடாக உரியும், கரியும் கூடவே வந்துவிடும்.

பூவில் வெள்ளை மாவு படிந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும், மத்தியான வெயிலில் அடித்தாலும் கருகும்.

தண்டில் மரத்தூள்

வருஷம் பூராவும் மாதம் ஒரு முறை தூரையும் கிளைக் கவட்டையும் சுற்றிப் பாருங்கள். அறுத்த மரத்தூள் மாதிரி குவிந்து, பக்கத்தில் பென்சில் பருமனில் ஓட்டை இருந்து, பசை வடிந்தால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. விட்டால் மரத்தையே கொல்லும். நான் சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியைத் தூண்டில் போல வளைத்து உள்ளே விடுவேன். ஒரு தடவை முக்கால் அடி போய் ஏதோ மெத்தென்று தட்டியது. திருகி இழுத்தேன். சுண்டு விரல் பருமனில், பால் வெள்ளையாக, கறுத்த தாடையோடு வெளியே வந்து கையில் நெளிந்தது. ஓட்டைக்குள் வேப்பெண்ணெய் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் அடைத்தேன். ஒரு வாரம் கழித்துப் புதுத் தூள் விழுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். விழுந்தால் உள்ளே இன்னொன்று.

பழ ஈயும் வண்டும்

வெளியே பார்க்கப் பொன் மாதிரி இருக்கும், நறுக்கினால் அரிசிப் புழு. பழ ஈ வேலை. ஈயை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறி உரக்கடைகளில் கிடைக்கும், காய் முற்றத் தொடங்கும்போது ஆறடி உயரத்தில் நிழலில் தொங்கவிடுங்கள். அதில் விழுவது ஆண் ஈ மட்டுமே. ஆகவே விழுந்த பழத்தைத் தினம் பொறுக்குவதுதான் முக்கியமான வேலை. பொறுக்கியதைக் குப்பைக் குழியில் போடாமல் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நாலைந்து நாள் வெயிலில் வையுங்கள். எண்ணிப் பத்து இருபது காய் என்றால் எலுமிச்சை அளவு வந்ததும் காகிதப் பையோ பழைய வேட்டித் துணியில் தைத்த பையோ மாட்டிவிடலாம். அணிலுக்கும் அது ஓரளவு தடை. அழகர்மலை அடிவாரத்தில் குரங்கு வரும் வீடுகளுக்கு என்னிடம் உபாயம் இல்லை.

கொட்டைக்குள் இருக்கும் வண்டு வேறு. அது பிஞ்சிலேயே முட்டை வைத்துவிடும், காய் வளரத் துளையும் மறைந்துவிடும். சாப்பிட்ட கொட்டைகளைத் தோட்டத்தில் வீசாமல் எரித்துவிட்டால் அடுத்த வருஷம் குறையும்.

பறிப்பதும் பழுக்க வைப்பதும்

காம்புக்கு இரு பக்கமும் காயின் தோள் எழும்பி, காம்பு பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி தெரிந்தால் முற்றிவிட்டது. ஒன்றைப் பறித்து வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றியது மூழ்கும், முற்றாதது மிதக்கும். மரத்திலேயே ஒன்றிரண்டு பழுத்து விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

காலை வெயிலுக்கு முன் தொரட்டியில் வலைப்பை கட்டிப் பறியுங்கள். இரண்டு விரல் காம்பு விட்டு வெட்ட வேண்டும். காம்பு ஒடிந்தால் பால் பீய்ச்சும், தோலில் பட்டால் பழம் கறுக்கும், நம் கன்னத்தில் பட்டால் நம் தோல் புண்ணாகும். பறித்ததைக் காம்பு கீழே இருக்கும்படி ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்துப் பால் வடிந்த பிறகு கழுவுங்கள். கார்பைடு கல் சட்டப்படியே தடை. வைக்கோலோ செய்தித்தாளோ போதும். அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தால் நாலைந்து நாளில் மணம் அடுப்படியைத் தாண்டும்.

கவாத்து

அறுவடை முடிந்த பதினைந்து நாளுக்குள். ஆடி பாதிக்கு மேல் தள்ளிப்போனால், வருகிற துளிர் மார்கழிக்குள் முற்றாது, அந்த வருஷப் பூ போச்சு. நீலம் வைத்திருப்பவர்களுக்கு இதில் கஷ்டம் உண்டு, கடைசிக் காய்களைப் பச்சையாகவே பறித்து ஊறுகாய் போட்டுவிட்டு வெட்டுவது நல்லது.

காய்த்த கிளை நுனிகளை அரை முழம் வெட்டுங்கள். உள்நோக்கி வளரும் கிளை, ஒன்றை ஒன்று உரசும் கிளை, காய்ந்த குச்சி, ஒட்டுக்குக் கீழே வந்த துளிர் எல்லாம் போகட்டும். நடுவில் வெயில் தரை வரை புள்ளி புள்ளியாக விழ வேண்டும். உயரம் பன்னிரண்டு அடியில் நிறுத்துங்கள். ஏற்கெனவே மாடி தாண்டிப் போன மரத்தை ஒரே வருஷத்தில் மொட்டையடிக்காமல், மூன்று வருஷத்தில் வருஷத்துக்கு ஒரு பெரிய கிளையாக இறக்குங்கள்; திடீரென்று வெயில் பட்ட தண்டில் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டை வெடிக்கும். கட்டை விரலுக்கு மேல் பருமனான வெட்டுக் காயத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சண மருந்து) பூசுங்கள்.

வெட்டின மூன்றாவது வாரம் துளிர் வரும். ஒரே இடத்தில் ஆறேழு வந்தால் இரண்டை விட்டு மற்றதை விரலாலேயே கிள்ளிவிடலாம். அந்தச் சமயம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் உண்டு, அம்மாவின் குடத்துக்கும் அனுமதி உண்டு. புரட்டாசி கடைசி வரைக்கும்தான்.